வாடகைக்கு ஆள் வைப்பதற்கு முன்: நீங்களே விசாரிப்பதா, ஏஜென்டிடம் விடுவதா, அறிக்கை வாங்குவதா, ஜாமீன் கேட்பதா?

வீடு காலி என்று விளம்பரம் போட்டாயிற்று. விண்ணப்பங்களும் வந்துவிட்டன. போனில் பேசினால் எல்லோருமே மரியாதையாகப் பேசுகிறார்கள், எல்லோருக்கும் நல்ல வேலை இருக்கிறது, எல்லோருக்கும் வீடு உடனே வேண்டும். இந்த இடத்தில் நிற்கும் வாசகர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "நானே விசாரிக்கலாமா, ஏஜென்டிடம் விட்டுவிடலாமா, காசு கட்டிப் பின்னணி அறிக்கை வாங்கினால் போதுமா, இல்லை முன்பணத்தைக் கூட்டி வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாமா?"

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு வீடு மட்டும் வைத்திருப்பவர் தானே விசாரிப்பதைப் பிரதானமாக வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற மூன்றையும் அந்த விசாரணையில் விழும் ஓட்டையை அடைக்கப் பயன்படுத்தலாம். இது எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் பார்ப்போம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

விளம்பரம் போடுவதற்கு முன்பே அளவுகோலை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ஆள் வந்த பிறகு யோசித்தால், வந்த ஆளுக்கு ஏற்றபடி அளவுகோல் வளைந்துவிடும்.

முதல் அளவுகோல், வாடகை கொடுக்க முடியுமா என்பது. அமெரிக்காவில் மாத வருமானம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது பரவலான கணக்கு. நியூயார்க்கில் ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல 40 மடங்கு என்பார்கள். பிரிட்டனில் 30 மடங்கு. மாதக் கணக்கில் பார்த்தால் முன்னது ஏறக்குறைய 3.3 மடங்கு, பின்னது 2.5 மடங்கு. இந்த விதிகள் தொடக்கத்துக்கு உதவும், அவ்வளவுதான். நான்கு மடங்கு சம்பளம் வாங்கி அதில் பாதியைக் கடன் தவணைக்குக் கட்டுகிறவரைவிட, இரண்டரை மடங்கு வாங்கிக் கடனே இல்லாதவர் கையில் மாதக் கடைசியில் அதிகம் மிஞ்சும். மடங்கைப் பார்ப்பதோடு, தவணையும் வாடகையும் போக மீதி எவ்வளவு என்று பாருங்கள்.

இரண்டாவது, கொடுப்பாரா என்பது. இது வேறு கேள்வி. பணம் இருந்தும் மாதாமாதம் பத்து நாள் இழுத்தடிப்பவர் உண்டு. சம்பளம் குறைவாக இருந்தும் முதல் தேதி காலையிலேயே அனுப்பிவிடுகிறவர் உண்டு. இதற்குப் பதில் சம்பளச் சீட்டில் கிடைக்காது, பழைய நடத்தையில்தான் கிடைக்கும். வீட்டை எப்படி வைத்திருப்பார், அக்கம்பக்கத்தில் எப்படி இருப்பார் என்பதும் இதோடு சேர்ந்தது.

மூன்றாவது, விண்ணப்பத்தில் இருக்கும் ஆளும் நேரில் வந்திருக்கும் ஆளும் ஒருவர்தானா என்பது.

அப்புறம் செலவும் நேரமும். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் அந்த ஆண்டு வரவேண்டிய வாடகையில் எட்டு சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அதனால் சரிபார்ப்பு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, சில நாட்களில் முடியவும் வேண்டும். அதே சமயம், வாடகை தராமல் உட்கார்ந்துகொள்ளும் ஒருவரைச் சட்டப்படி வெளியேற்றப் பல மாதங்கள் ஆகலாம். இரண்டு நஷ்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விசாரிக்க ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்வது பெரிய விஷயமில்லை என்பது புரியும்.

கடைசியாக, நியாயம். இதைச் சட்டத்துக்குப் பயந்து செய்யும் சம்பிரதாயமாகப் பார்க்காதீர்கள். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு நியாய வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், மதம், பூர்விக நாடு பார்த்து வீடு மறுப்பதைத் தடுத்தது. 1974இல் பாலினமும், 1988இல் உடற்குறைபாடும் குழந்தைகள் உள்ள குடும்பம் என்ற காரணமும் சேர்ந்தன. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், ஜெர்மனியில் 2006இல் வந்த சமநடத்தைச் சட்டம் என்று பல நாடுகளில் இது உண்டு. சட்டம் தெளிவாக இல்லாத இடத்திலும், ஒருவருடைய பிறப்பை வைத்து அவர் வாடகை கொடுப்பாரா என்று கணிப்பது தவறு. கணிப்பாகவும் அது உதவாது. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே ஆவணங்கள். சியாட்டில் நகரம் 2016இல் கொண்டுவந்த விதி இதில் ஒரு படி மேலே போனது: முன்கூட்டியே எழுதி வைத்த தகுதிகளுக்குப் பொருந்துகிற முதல் விண்ணப்பதாரருக்கே வீட்டைக் கொடுக்க வேண்டும். உங்கள் ஊரில் அப்படி விதி இல்லாவிட்டாலும் இதைப் பின்பற்றலாம். விண்ணப்பம் வந்த தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்தால் போதும், தடுமாற்றம் பாதி குறைந்துவிடும்.

## நீங்களே விசாரிப்பது

பணச்செலவு இதில் மிகக் குறைவு. கிடைக்கும் தகவல் மிக ஆழம். ஆனால் செய்முறை தெரிந்து செய்ய வேண்டும்.

சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குவோம். கடைசி மூன்று மாதச் சீட்டுகளைக் கேளுங்கள். ஒரு மாதம் போதாது. மொத்தச் சம்பளத்தில் பிடித்தங்களைக் கழித்தால் கையில் வரும் தொகை சரியாக வருகிறதா என்று கூட்டிப் பாருங்கள். பல நிறுவனச் சீட்டுகளில் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இதுவரை வாங்கிய மொத்தம் என்று தனிப் பத்தி இருக்கும். இந்த மாத மொத்தத்தில் போன மாத மொத்தத்தைக் கழித்தால் இந்த மாதச் சம்பளம் வர வேண்டும். போலிச் சீட்டு தயாரிப்பவர்கள் மாதத் தொகையைக் கவனமாக மாற்றிவிட்டு இந்தப் பத்தியை மறந்துவிடுவது உண்டு. சம்பளம் கூடியிருக்கும், வரிப் பிடித்தம் மட்டும் பழைய அளவிலேயே நிற்கும். அதையும் பாருங்கள்.

அடுத்து அந்தத் தொகை வங்கிக் கணக்கில் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீட்டில் உள்ள தொகையும் கணக்கில் வரவான தொகையும் பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டும். வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஏதாவது நாலு வரியை எடுத்து, முந்தைய இருப்போடு வரவைக் கூட்டி, பற்றைக் கழித்து, அடுத்த இருப்பு வருகிறதா பாருங்கள். திருத்திய ஸ்டேட்மென்ட் இங்கே அகப்பட்டுக்கொள்ளும். ஸ்டேட்மென்ட் என்பது ஒருவருடைய வாழ்க்கை முழுவதையும் காட்டும் தாள் என்பதும் நினைவில் இருக்கட்டும். மருத்துவமனைச் செலவு, நன்கொடை எல்லாம் அதில் இருக்கும். சம்பள வரவு, வாடகை, கடன் தவணை தவிர மற்ற வரிகளில் தொகையை மட்டும் விட்டு, விவரத்தை மறைத்துத் தரச் சொல்லுங்கள். இருப்புக் கணக்கைச் சரிபார்க்கத் தொகைகள் தெரிந்தால் போதும், யாருக்குப் போனது என்பது வேண்டாம். பிரான்ஸில் வீட்டுக்காரர் என்னென்ன ஆவணம் கேட்கலாம் என்று 2015இல் அரசாணையே போட்டுவிட்டார்கள். வங்கி ஸ்டேட்மென்ட் அந்தப் பட்டியலில் இல்லை, கேட்கக் கூடாது.

வேலை செய்யும் இடத்தை உறுதிசெய்ய விண்ணப்பத்தில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். நிறுவனத்தின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்து அழையுங்கள். சொந்தத் தொழில் செய்பவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. கடைசி இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேளுங்கள், இரண்டில் குறைந்த ஆண்டை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்: பழைய வீட்டுக்காரர். நான்கு வழிகளில் கிடைக்கும் எல்லாத் தகவல்களிலும் நான் அதிகம் மதிப்பது இந்த ஒரு தொலைபேசி அழைப்பைத்தான். அதிலும் இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரைவிட, அதற்கு முந்தையவரின் பேச்சுக்கு மதிப்பு அதிகம். இப்போதைய உரிமையாளருக்கு ஒரு சுயநலம் இருக்கலாம். தொல்லை கொடுப்பவர் என்றால், போனால் போதும் என்று புகழ்ந்து அனுப்பிவிடுவார். நல்லவர் என்றால், போய்விடக் கூடாதே என்று மட்டமாகப் பேசவும் கூடும். முந்தையவருக்கு இரண்டுமே தேவையில்லை.

கொடுத்திருக்கும் எண் உண்மையில் வீட்டுக்காரருடையதா, நண்பருடையதா என்பது அடுத்த சந்தேகம். அதற்கு "எப்படிப்பட்டவர்?" என்று தொடங்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு யார் வேண்டுமானாலும் பதில் சொல்லிவிடலாம். எந்த மாதம் குடி வந்தார், எந்த மாதம் காலி செய்தார், வாடகை எவ்வளவு, முன்பணத்தில் எதற்காவது பிடித்தீர்களா என்று கேளுங்கள். உண்மையான வீட்டுக்காரர் சட்டென்று சொல்வார், அல்லது "இருங்க, பார்த்துச் சொல்றேன்" என்பார். நண்பராக இருந்தால் பொத்தாம்பொதுவாக "எல்லாம் கரெக்டா கொடுத்தார்ங்க" என்று நழுவுவார். பதில்களை விண்ணப்பத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு மாதம் முன்பின்னாக இருந்தால் பரவாயில்லை. வாடகைத் தொகையே பொருந்தவில்லை என்றால் நிறுத்திவிட்டு விண்ணப்பதாரரிடமே விளக்கம் கேளுங்கள். கடைசியாக ஒரு கேள்வி: "அவரே திரும்ப வந்து கேட்டால் அதே வீட்டைக் கொடுப்பீர்களா?" பதிலைவிட, பதில் வருவதற்கு எடுக்கும் நேரம் நிறையச் சொல்லும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று உங்கள் நேரம். ஒரு விண்ணப்பத்தை ஒழுங்காகப் பார்க்க இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும். மற்றது, நம்மைப் போலவே பேசுகிற, நம்மைப் போலவே இருக்கிற ஆளிடம் மனம் தானாகச் சாய்ந்துவிடும். அவருடைய சம்பளச் சீட்டை அரைக்கண்ணால் பார்ப்போம், இன்னொருவருடையதைத் துருவுவோம். எழுதி வைத்த அளவுகோல் இதற்காகத்தான். விண்ணப்பதாரரின் சமூக ஊடகப் பக்கங்களைத் தேடிப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் மதம், அரசியல், உடல்நிலை, குடும்பச் சண்டை. வாடகை முடிவுக்கு அதில் எதுவும் தேவையில்லை. ஒருமுறை தெரிந்துகொண்டால் தெரியாததுபோல முடிவெடுக்கவும் முடியாது.

## ஏஜென்டிடம் விடுவது

வெளியூரில் இருப்பவருக்கும் வேலைப்பளு உள்ளவருக்கும் இது இயல்பான வழி. நல்ல ஏஜென்டுக்குப் போலி ஆவணத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகியிருக்கும். வட்டாரத்தில் யார் யார் பாக்கி வைத்துவிட்டு வீடு மாறுகிறார்கள் என்றும் தெரிந்திருக்கும்.

சிக்கல் அவருடைய கூலி எப்போது வருகிறது என்பதில் இருக்கிறது. ஆள் குடியேறிய அன்றே கமிஷன் முழுவதும் கிடைத்துவிட்டால், அந்த ஆள் மூன்று ஆண்டு ஒழுங்காக இருப்பதில் ஏஜென்டுக்குத் தனிப்பட்ட லாபம் ஏதுமில்லை. சீக்கிரம் காலி செய்தால் இன்னொரு கமிஷன் வரும். இது அவர் நேர்மையைப் பற்றிய சந்தேகம் இல்லை, ஏற்பாட்டின் குறை. குடி வைப்பதோடு மாத வாடகை வசூலையும் பராமரிப்பையும் அவரே கவனித்து, வசூலில் சதவீதம் எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தமாக இருந்தால் கதை மாறுகிறது. பாக்கி விழுந்தால் அவருக்கும் வலிக்கும்.

ஏஜென்டிடம் ஒப்படைப்பதற்கு முன் கேட்க வேண்டியது: என்னென்ன சரிபார்ப்பீர்கள், யாரிடம் பேசினீர்கள் என்ற குறிப்பை எனக்குத் தருவீர்களா? "செக் பண்ணியாச்சு சார்" என்ற வார்த்தையை ஏற்காதீர்கள், கோப்பைக் கேளுங்கள். விண்ணப்பதாரரிடம் ஏஜென்ட் தனியாகச் சரிபார்ப்புக் கட்டணம் வாங்குகிறாரா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டின் வாடகைதாரர் கட்டணச் சட்டம் வந்த பிறகு அந்தச் செலவை வாடகைதாரர் தலையில் கட்ட முடியாது. வீட்டுக்காரரோ ஏஜென்டோதான் ஏற்க வேண்டும். அங்கேயே குடியேறுபவருக்கு நாட்டில் வாடகைக்கு இருக்கும் உரிமை உண்டா என்று சரிபார்க்கும் கடமையும் வீட்டுக்காரருடையது. ஏஜென்ட் அதை எழுத்துமூலமாக ஏற்றுக்கொண்டால்தான் பொறுப்பு அவரிடம் போகும். வாய்ப்பேச்சில் விட்டதெல்லாம் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் ஒருவரைப் பாகுபாடு காட்டித் திருப்பி அனுப்பினாலும் கேள்வி உங்களிடமும் வரலாம்.

## காசு கட்டிப் பின்னணி அறிக்கை வாங்குவது

வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. கடன் வரலாறு, வழக்குகள், முன்பு வெளியேற்றப்பட்ட பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்துச் சில நிமிடங்களிலோ ஓரிரு நாளிலோ ஓர் அறிக்கை கைக்கு வருகிறது. பல சேவைகள் ஒரு மதிப்பெண்ணையும் பரிந்துரையையும் சேர்த்துக் கொடுக்கின்றன. எனக்கு நெருடலாக இருப்பது அந்த மதிப்பெண்தான்.

இத்தகைய அறிக்கைகளின் பெரிய பலவீனம் பெயர்ப் பொருத்தம். ஒரே பெயரும் அருகருகே பிறந்த தேதியும் உள்ள இன்னொருவரின் வழக்கு உங்கள் விண்ணப்பதாரர் தலையில் வந்து விழலாம். 2018இல் ரியல்பேஜ் என்ற நிறுவனத்தின்மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இதே குற்றச்சாட்டை வைத்தது. நிறுவனம் 30 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. தந்தை பெயர் ஓர் ஆவணத்தில் இனிஷியலாகவும் இன்னொன்றில் முழுப் பெயராகவும் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம்.

மதிப்பெண்ணின் சிக்கல் வேறு. அது எப்படி வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, விண்ணப்பதாரருக்கும் தெரியாது. அரசு வாடகை உதவி பெறுபவர்களைத் தன் மதிப்பெண் முறை பாதகமாக நடத்துகிறது என்று தொடுக்கப்பட்ட வழக்கில் சேஃப்ரென்ட் என்ற அமெரிக்க நிறுவனம் 2024இல் 22 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. வாடகையில் பெரும்பகுதியை அரசே நேரடியாகக் கட்டுகிறது என்பதை அந்த முறை கணக்கில் எடுக்கவில்லை என்பது வழக்குத் தொடுத்தவர்களின் வாதம்.

கடன் வரலாறே இல்லாதவர்கள் இந்த வழியில் காணாமல் போகிறார்கள். முதல் வேலைக்கு வந்த இளைஞர், வேறு நாட்டிலிருந்து புதிதாக வந்தவர், கடனே வாங்காமல் வாழ்ந்தவர் ஆகியோருக்கு அறிக்கையில் எதுவும் இருக்காது. பதிவு இல்லாததைக் கெட்ட பதிவாக எடுத்துக்கொள்வது பெரிய அநியாயம். நல்ல வாடகைதாரரை இழப்பதும் அதனால்தான்.

அறிக்கை வாங்குவதாக இருந்தால் முறைகள் உண்டு. விண்ணப்பதாரரின் சம்மதத்தை எழுதி வாங்குங்கள். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் நியாயக் கடன் அறிக்கைச் சட்டப்படி, அறிக்கையை வைத்து மறுத்தாலோ கூடுதல் முன்பணம் கேட்டாலோ, எந்த நிறுவனத்தின் அறிக்கை என்பதைத் தெரிவிக்க வேண்டும். அவர் 60 நாளுக்குள் இலவசமாக ஒரு பிரதி வாங்கிப் பார்த்து மறுப்புத் தெரிவிக்கலாம். இந்தியாவில் நிலைமை வேறு. கடன் தகவல் நிறுவனங்களிடமிருந்து மற்றொருவரின் அறிக்கையை வீட்டுக்காரர் நேரடியாக எடுக்க முடியாது. ஆனால் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை தன்னுடைய முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். விண்ணப்பதாரரையே எடுத்துவரச் சொல்லிப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது மதிப்பெண்ணில் நிற்காமல் கடைசி இரண்டு ஆண்டுகளில் தவணை தவறியிருக்கிறதா, மாதம் எவ்வளவு கட்டுகிறார் என்ற இரண்டை மட்டும் படியுங்கள்.

## ஜாமீன், கூடுதல் முன்பணம், காப்பீடு

இது சரிபார்ப்பு அல்ல. சரிபார்ப்பு தோற்றால் நஷ்டத்தைக் குறைக்கும் ஏற்பாடு. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத்தான் பலர் முன்பணத்தைக் கூட்டி வாங்கிக்கொண்டு விசாரணையை விட்டுவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். கையில் மூன்று மாத முன்பணம். வாடகை நின்ற பிறகு பேசிப் பார்த்து, நோட்டீஸ் அனுப்பி, வழக்குப் போட்டு, வீடு கைக்கு வர ஏழெட்டு மாதம் என்று வைத்துக்கொண்டால், முன்பணம் பாதி வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. உடைந்த குழாயும் கிழிந்த சுவரும் தனி. அதிகமாக வாங்கலாம் என்றால் பல நாடுகளில் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஜெர்மனியில் தண்ணீர், வெப்பமூட்டல் போன்ற செலவுகள் நீங்கிய வாடகையில் மூன்று மாதம், அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம், இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் என்றால் ஐந்து வார வாடகை, இந்தியாவின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்கிறது, அதை ஏற்பது அந்தந்த மாநிலத்தின் முடிவு.

ஓர் எச்சரிக்கை. ஆறு மாத வாடகையை ரொக்கமாகத் தருகிறேன், ஆவணம் எல்லாம் எதற்கு என்று ஒருவர் வந்தால், அதைச் சலுகையாகப் பார்க்காதீர்கள். விசாரணையைத் தவிர்க்க ஒருவர் இவ்வளவு விலை கொடுக்கிறார் என்றால், விசாரணையில் தெரியவரக்கூடியது அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

ஜாமீன்தாரர் விஷயத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது அவரைச் சரிபார்ப்பதுதான். மாமா கையெழுத்துப் போட்டார், சரி. மாமாவின் வருமானம் என்ன, அவர் வேறு யாருக்காவது ஜாமீன் நிற்கிறாரா, ஒப்பந்தம் புதுப்பித்து வாடகை கூடினாலும் அவர் பொறுப்புத் தொடருமா? இதெல்லாம் எழுத்தில் இல்லாவிட்டால் அந்தக் கையெழுத்துக்கு வலு குறைவு. ஜப்பானில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத் திருத்தத்தின்படி, தனிமனிதர் இப்படி ஜாமீன் நின்றால் அவர் அதிகபட்சம் எவ்வளவுக்குப் பொறுப்பு என்று தொகை குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஜாமீனே செல்லாது. இந்த வழக்கம் எங்கும் நல்லது. எல்லையில்லாப் பொறுப்பு என்று தெரிந்தால் நல்ல மனிதர்கள் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள்.

வாடகை இழப்புக் காப்பீடு எடுப்பவர்கள் பாலிசியின் நிபந்தனைகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். குடி வைக்கும்போது இன்னின்ன சரிபார்ப்புகளைச் செய்திருக்க வேண்டும் என்று அதில் பெரும்பாலும் இருக்கும். செய்யாமல் விட்டால் இழப்பீடு கேட்கும்போது கைவிரித்துவிடுவார்கள். ஆக, விசாரணையிலிருந்து தப்பிக்கக் காப்பீடு வழி இல்லை. பிரான்ஸில் மாணவர்கள், தொழில் பழகுநர்கள் தவிர மற்றவர்களிடம் காப்பீடும் ஜாமீனும் ஒருசேர வைத்துக்கொள்ளவும் முடியாது, ஏதாவது ஒன்றுதான்.

## ஒரே பார்வையில்

| | நீங்களே | ஏஜென்ட் | அறிக்கை | ஜாமீன் / முன்பணம் / காப்பீடு |
|---|---|---|---|---|
| கொடுக்க முடியுமா | நன்றாகத் தெரியும் | ஏஜென்டைப் பொறுத்தது | கடன் சுமை தெரியும், வருமானம் பல நேரம் தெரியாது | தெரியாது |
| கொடுப்பாரா, வீட்டைப் பேணுவாரா | மிக நன்றாகத் தெரியும் | ஓரளவு | வழக்கு வரை போனது மட்டும் | தெரியாது |
| போலி ஆவணம் | கவனமாகப் பார்த்தால் அகப்படும் | அனுபவம் கைகொடுக்கும் | அடையாளத்தில் வலு, சம்பளச் சீட்டில் பலவீனம் | பொருந்தாது |
| ஆகும் காலம் | சில நாட்கள் | சில நாட்கள் | நிமிடங்கள் முதல் ஓரிரு நாள் | ஜாமீன்தாரரைப் பொறுத்தது |
| மறைமுகச் செலவு | உங்கள் நேரம், மனச்சாய்வு | அவசரமாக ஆள் வைத்தல் | பெயர்க் குழப்பம், நல்லவரை இழத்தல் | பொய்யான தைரியம் |

## யாருக்கு எது

நீங்கள் பக்கத்திலேயே இருந்து ஒன்றிரண்டு வீட்டை வாடகைக்கு விடுபவர் என்றால் நேரடி விசாரணை. விண்ணப்பங்கள் நிறைய வந்தால் எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் துருவ வேண்டியதில்லை. எழுதி வைத்த தகுதிகளை வைத்து வரிசைப்படி முதல் நபரை முழுதாகப் பாருங்கள். தேறினால் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்தவர்.

விண்ணப்பதாரர் வேறு ஊரிலிருந்தோ நாட்டிலிருந்தோ வருகிறார், பழைய வீட்டுக்காரரை அழைக்க வழியில்லை என்றால், அவரே எடுத்துத் தரும் கடன் அறிக்கையும் புதிய வேலையின் நியமனக் கடிதமும் ஓரளவு அந்த இடத்தை நிரப்பும். நியமனக் கடிதத்தையும் நிறுவனத்தின் பொது எண்ணில் உறுதிசெய்யுங்கள்.

மாணவர், முதல் வேலைக்காரர், முதன்முறையாகத் தனி வீடு எடுப்பவர் இவர்களுக்குத்தான் ஜாமீன் சரியாகப் பொருந்துகிறது. வரலாறு இல்லாததால் அவர்களை மறுக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் வேண்டாம்.

நான்கைந்து வீடுகளுக்கு மேல் இருந்தாலோ நீங்கள் தொலைவில் இருந்தாலோ ஏஜென்ட், அதுவும் வசூலோடு சேர்ந்த ஒப்பந்தத்தில். அப்போதும் பழைய வீட்டுக்காரருக்கான அந்த ஓர் அழைப்பை மட்டும் நீங்களே செய்யுங்கள். பத்து நிமிடம்தான், எந்த நாட்டில் இருந்தும் செய்யலாம்.

வெறும் முன்பணத்தை நம்பிக் கொடுப்பதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஆவணங்களும் மறுப்பும்

எந்த வழியில் போனாலும், முன்பின் தெரியாத உங்களிடம் ஒருவர் தன் அடையாள அட்டையையும் சம்பள விவரத்தையும் கொடுக்கிறார். வீடு உங்களுடையதுதான் என்பதற்கான சான்றை நீங்களும் முதலில் காட்டுங்கள். வாடகை மோசடிகள் நடக்கும் காலத்தில் அவர் தயங்குவது நியாயம்தான். முதல் போன் பேச்சிலேயே எல்லா ஆவணத்தையும் கேட்காமல், வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போய் விண்ணப்பித்த பிறகு கேளுங்கள். இந்தியாவில் ஆதார் நகல் வாங்கும்போது கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே அடையாளத்துக்குப் போதும். காவல்துறையிடம் வாடகைதாரர் விவரம் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு உள்ள இடங்களில், அதற்கு என்ன ஆவணம் தேவை என்று பார்த்து அதை மட்டும் வாங்குங்கள்.

மறுக்கும்போது இழுத்தடிக்காதீர்கள். அவரும் வீடு தேடும் அவசரத்தில் இருக்கிறார். உங்கள் பதிலுக்குக் காத்திருந்து வேறு வீட்டை விட்டுவிடக் கூடும். இல்லை என்றால் அன்றே சொல்லிவிடுங்கள், எந்த அளவுகோலில் தேறவில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். வருமானம் நீங்கள் வைத்த அளவுக்குக் கீழே இருந்தது, பழைய வாடகை விவரம் பொருந்தவில்லை என்ற அளவுக்குப் போதும். எந்தத் தேதியில் என்ன காரணத்துக்காக மறுத்தீர்கள் என்ற குறிப்பை உங்கள் கோப்பில் வைத்திருங்கள். பின்னால் புகார் வந்தால் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான். குடியேறாதவர்களின் ஆவண நகல்களை, உங்கள் ஊர்ச் சட்டம் வைத்திருக்கச் சொல்லும் காலம் முடிந்ததும் கிழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் கிடப்பவற்றையும் சேர்த்து அழித்துவிடுங்கள்.